விகாரைக்குப் பக்கத்தில் நவீன வீடு கட்டலாமா?

கேள்வி: பிலிமத்தலாவைக்குக் கிட்ட, கடலாதெனிய விகாரைக்கு நடந்துபோகும் தூரத்தில் எனக்கு 22 பேர்ச் காணி இருக்கிறது. மகள் கட்டடக் கலைஞர். கண்ணாடியும் கொங்கிரீட்டுமாக ஒரு வீடும், தட்டுத் தட்டாக இறங்கும் தோட்டமும் வரைந்திருக்கிறார். கந்தோரில் விசாரித்தபோது, “தொல்பொருள் இடம், கட்ட ஏலாது” என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பழைய கண்டிப் பாணியில் ஓட்டுக்கூரை போட்டால் விடுவார்களா?

பதில்: வாயால் சொன்ன பதிலை வைத்துக் கனவைக் கைவிடாதீர்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின் 24ஆம் பிரிவும் அதன் கீழான ஒழுங்குவிதிகளும் 400 யார் (கெஜம்) என்ற எல்லையை வைக்கின்றன. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்திலிருந்து அந்தத் தூரத்துக்குள் தொல்பொருளியல் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் கட்டவோ, கல் உடைக்கவோ, வெடி வைக்கவோ கூடாது. அனுமதி கிடைத்தால் கட்டலாம். கடலாதெனியவுக்கு இது பொருந்தும் என்றே வைத்து நடந்துகொள்ளுங்கள். தூரத்தைப் பாதை வழியே அளக்காதீர்கள். நம் மலைப் பாதைகள் சுற்றிச் சுற்றிப் போகும், நேர்கோட்டில் பார்த்தால் காணி எல்லைக்குள் கிடக்கும். உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு வரைபடத்தில் குறித்து வாங்குங்கள்.

அந்தப் பிரிவு கூரையின் பாணியைப் பற்றிப் பேசவில்லை. போலிக் கண்டிக் கூரை உங்களுக்கு உதவும் என்றும் நான் நினைக்கவில்லை. 1344இல் கணேசுவராச்சாரி என்ற சிற்பி தென்னிந்திய முறையில் கல்லால் எழுப்பிய அந்த விகாரையே இந்த மலைக்கு அன்று புதுமைதான்! பார்க்க வருகிற அதிகாரிக்கு உயரமும், விகாரை முற்றத்திலிருந்து எது கண்ணில் படும் என்பதும்தான் கவலை. முற்றத்தில் நின்று உங்கள் காணிப் பக்கமாகப் படம் எடுத்து, அதில் வீட்டை வரைந்து இணைக்கச் சொல்லுங்கள். கண்ணாடியை அந்தத் திசைக்குத் திருப்பாமல், கூரையைத் தாழ்த்தி, இருக்கிற மரங்களுக்குப் பின்னால் வீட்டை வைத்தால் பாதி வேலை முடிந்தது.

எனக்குப் பயம் தோட்டத்தில்தான். தட்டு வெட்டும்போது பாறை வரும். பாறையைக் கண்டதும் மேசன் பாஸ் வெடிக்காரரைக் கூப்பிடுவார், ஆட்கள் மாட்டுவது அங்கேதான். மண் தாங்குசுவரையும் வடிகாலையும் வீட்டோடு சேர்த்தே விண்ணப்பத்தில் காட்டுங்கள். தோண்டும்போது செதுக்கிய கல்லோ, எழுத்துள்ள பாறையோ, பழைய ஓட்டுக் குவியலோ தென்பட்டால் அன்றைக்கே வேலையை நிறுத்திப் பொலிஸுக்கோ பிரதேச செயலாளருக்கோ அறிவியுங்கள். 1998ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இந்தச் சட்டத்தில் பிணை எடுப்பது லேசான காரியமில்லை. காணியில் பலா, ஈரப்பலா நின்றால் வெட்டுவதற்குத் தனி அனுமதி வேண்டும். அது 1951ஆம் ஆண்டுச் சட்டம்.

சரிவுக் காணி என்பதால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையும் தேவைப்படும். இதை முதலில் எடுங்கள். தட்டுகளின் உயரத்தையே மாற்றச் சொல்லக்கூடும், பிறகு எல்லா வரைபடமும் திரும்ப வரையவேண்டி வரும்.

நீங்கள் கேட்காத ஒன்று: காணி உறுதியைக் காணிப் பதிவகத்தில் பின்னோக்கித் தேடிப் பார்த்தீர்களா? கண்டிப் பகுதியில் பழைய விகாரைகளைச் சுற்றியுள்ள காணிகள் பல விகாரைக்கே சொந்தமானவை. அப்படியானால் 1931ஆம் ஆண்டு பௌத்த விகாரைச் சொத்துச் சட்டம் குறுக்கே வரும், உங்கள் உறுதி பெறுமதியற்றுப் போகவும் கூடும். வரைபடத்துக்குச் செலவழிக்கும் முன் ஒரு நொத்தாரிசிடம் இதைக் காட்டுங்கள்.

எல்லாம் சரியென்றால், பிரதேச சபைக்கும் தொல்பொருளியல் திணைக்களத்துக்கும் எழுத்தில் விண்ணப்பியுங்கள், பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தமிழிலேயே எழுதலாம், பதிலையும் தமிழில் கேட்கலாம். அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை அந்த உரிமையைத் தருகிறது. பதில் வராமல் இழுத்தால், 2016ஆம் ஆண்டு தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் கோப்பின் நிலையைக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று முடிவெடுத்துச் சொல்லவேண்டும். கட்டும் அனுமதியைக் காரணம் காட்டாமல் மறுத்தால், அந்த முடிவை ஆராயக் கேட்டு மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். அதற்கு எழுத்தில் ஒரு மறுப்பு கையில் இருக்க வேண்டும், ஆகவே அடுத்த முறை கந்தோருக்குப் போனால் கடிதம் வாங்காமல் எழும்பாதீர்கள்.