நெஞ்சில் பலத்த அடி: குழாய் மட்டும் போதுமா, திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டாமா?

சிங்கப்பூர் துவாஸ் வட்டாரத்தில் வேலையிடத்தில் சாரத்திலிருந்து விழுந்த அண்ணனுக்கு நெஞ்சில் குழாய் மட்டும் போட்டிருக்கிறார்கள், ஏன் ஆபரேஷன் செய்யவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். தம்பி, நெஞ்சில் அடிபட்டவர்களில் பெரும்பாலோருக்கு அந்தக் குழாயே போதும். விலா எலும்புகளுக்கு இடையே விரல் நுழையும் அளவு கீறி, நுரையீரலைச் சுற்றித் தேங்கிய இரத்தத்தையும் காற்றையும் வெளியேற்றுவார்கள். அமுங்கிய நுரையீரல் மறுபடி விரியும். கட்டிலுக்குக் கீழே இருக்கும் பாட்டிலைத் தாதியர் அடிக்கடி குனிந்து பார்க்கிறார்களே, அது இரத்த அளவைக் குறிக்கத்தான். குழாய் போட்டதுமே 1,500 மில்லிலிட்டருக்கு மேல் வந்தாலோ, மணிக்கு 200 மில்லிலிட்டர் என்று சில மணி நேரம் நிற்காமல் வந்தாலோ பெரும்பாலும் அறுவை அரங்குக்குக் கொண்டுபோவார்கள்.

நாடி நின்றுபோனவருக்கு அவசரப் பிரிவிலேயே நெஞ்சைத் திறப்பது வேறு. இடப்பக்கம் நான்காவது, ஐந்தாவது விலாவுக்கு இடையே திறந்து, இதய உறையில் தேங்கிய இரத்தத்தை விடுவிப்பார்கள். இதயத்தில் ஓட்டை இருந்தால் முதலில் விரலாலேயே அடைப்பார்கள். கத்திக்குத்தில் இப்படிப் பிழைத்தவர்கள் உண்டு. உயரத்திலிருந்து விழுந்தவர்களில் மிக மிகக் குறைவு. அதனால்தான் எல்லோருக்கும் செய்வதில்லை.

இன்னொன்று, உங்கள் கூட்டாளிகளிடமும் சொல்லுங்கள்: நெஞ்சில் கம்பி குத்தி நின்றால் தயவுசெய்து பிடுங்காதீர்கள். அசையாமல் வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள்.