கிறிஸ்தவத்தில் ‘ஆத்தும தாகம்’ என்றால் என்ன?

வேலை, வீடு, பிள்ளைகள் எல்லாம் இருந்தும் உள்ளுக்குள் ஏதோ குறைகிறது என்ற தவிப்பு பலருக்கு உண்டு. கடவுளை நாடும் அந்த ஏக்கத்தைத்தான் ஆத்தும தாகம் என்கிறோம்.

காரணம், மனிதர் தேவசாயலில் படைக்கப்பட்டவர்கள் (வேதாகமத்தின் முதல் நூல், ஆதியாகமம் 1:27). தேவனோடு உறவாடவே உண்டான இதயம், பாவத்தால் அந்த உறவு அறுந்ததும் தவிக்கிறது. அதை மீண்டும் இணைப்பவர் இயேசு என்பதே விசுவாசத்தின் மையம். யோவான் நற்செய்தி 4-ஆம் அதிகாரத்தில் கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் அவர் பேசியதும் இந்தத் தாகத்தைப் பற்றித்தான்.

வேலூர்க்காரர்களுக்குப் பாலாறு தெரியும். மேலே காய்ந்த மணல். ஊற்றுத் தோண்டினால் அடியில் நீர். ஆனால் ஒரே இடத்தில் தோண்ட வேண்டும். நாலு இடத்தில் சாண் ஆழம் கிளறினால் ஈர மணலோடு திரும்ப வேண்டியதுதான். ஜெபமும் அப்படியே. தினமும் ஒரே நேரம், 15 நிமிடம் போதும். வேதாகமத்தின் ஜெபப் பாடல்களான சங்கீதங்களில் ஒன்றை வாய்விட்டு மெதுவாக வாசியுங்கள். பிறகு அன்றைய பயமோ கோபமோ, உங்கள் சொந்தப் பேச்சில் அவரிடம் சொல்லுங்கள். கடைசியில் கொஞ்ச நேரம் பேசாமல் அமர்ந்திருங்கள். பலர் தவறுவது இங்கேதான்: விண்ணப்பங்களை ஒப்பித்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டால் மருத்துவரையும் பாருங்கள். சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே சிற்றாலயமும் இருக்கிற ஊர் இது. இரண்டுக்கும் பகை இல்லை.

தாகம் இருப்பதே விசுவாசக் குறைவு என்று பலர் கலங்குகிறார்கள். “என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்” என்ற 22-ஆம் சங்கீத வரியைச் சிலுவையில் சொன்னவர் இயேசுவே.