இன்வேஷனை மொத்தமாகத் தூக்க வேண்டாம்

மண்டபம் நண்பருக்கு வணக்கம். மேஜிக் சீட்டாட்டத்துக்காக நீங்களே பொறுக்கிச் சேர்த்த 360 கார்டு கட்டில், அதாவது உங்கள் கியூபில், 2000-இல் வந்த இன்வேஷன் தொகுப்பின் கார்டுகள் சோடை போகின்றன, எல்லாவற்றையும் எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். சண்டை போடும் கார்டுகளான கிரியேச்சர்களில் சாதாரணமானவை போகட்டும். ஆனால் காவு டைட்டன் என்ற கிரியேச்சர் இரண்டு மானாவுக்கு (கார்டை ஆடக் கொடுக்கும் விலை) 2/2, அதாவது இரண்டு அடி அடிக்கும், இரண்டு அடி தாங்கும். கிக்கர் என்ற விருப்பக் கூடுதல் விலையோடு மொத்தம் ஐந்து மானா கொடுத்தால், தடுப்பவரைத் தாண்டி மிச்ச அடி எதிராளிக்குப் போகும் டிராம்பிளுடன் 5/5. அது எப்போது கைக்கு வந்தாலும் உதவும்.

உங்களிடம் எத்தனை அடிப்படை நில வகை இருக்கிறதோ அதற்கேற்பப் பலம் கூடும் டொமைன் கார்டுகளைத்தான் குறைத்து எடைபோடுகிறீர்கள். அன்று பல வகை நிலம் சேர்ப்பதே பெரும்பாடு. 2005-இல் ராவ்னிகா தொகுப்பு, ஒரே கார்டில் இரண்டு நில வகை கொண்ட இரட்டை வகை நிலங்களை மீண்டும் கொண்டுவந்தது. ஒரே வகை திரும்ப வராத அப்படிப்பட்ட இரண்டு நிலம் இருந்தாலே ட்ரைபல் ஃப்ளேம்ஸ் என்ற டொமைன் கார்டு இரண்டு மானாவுக்கு நான்கு அடி அடிக்கும். முதலில் அந்த நிலங்களைச் சேருங்கள், அப்புறம் முடிவெடுங்கள்.

ஃபேக்ட் ஆர் ஃபிக்‌ஷன் என்ற இன்வேஷன் கார்டைக் கைவிடவே கூடாது. ஐந்து கார்டை எதிராளி இரண்டு குவியலாகப் பிரிப்பார், நீங்கள் ஒன்றை எடுப்பீர்கள். கீழக்கரையில் எங்கள் மேசையில் ஒரு பையன், மீன் கூறு வைப்பதுபோல, ஒரே கார்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நான்கு முறை மாற்றி வைத்தான். மேசையே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

நம் பக்கத்து உப்புக்காற்றில் பழைய கார்டு சீக்கிரம் வளையும். இரட்டை உறை போடுங்கள்.