பாலு மகேந்திரா மாதிரி லைட் வைக்காமல் போனில் குறும்படம் எடுக்கலாமா?

கேள்வி: "பாலு மகேந்திரா எங்கட அமிர்தகழி ஆள், லைட்டே வைக்காமல் படம் பிடித்தவர் என்கிறார்கள். என்னிடம் ஒரு போனும் வீட்டு முன் அறையும்தான் இருக்கு. அதே முறையில் குறும்படம் எடுக்கலாமா?"

தாராளமாக எடுக்கலாம். ஆனால் "லைட்டே வைக்காதவர்" என்று நம்பித் தொடங்கினால் படம் இருண்டுபோகும். 1939இல் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த அவர், புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவை முறையாகப் படித்து 1969இல் வெளியே வந்தவர். ஒளிப்பதிவு செய்த மலையாளப் படம் 'நெல்லு' 1974இல் வந்தது. முதலில் இயக்கியது 1977இல் வந்த கன்னடப் படமான 'கோகிலா'. அதற்கும் 'மூன்றாம் பிறை'க்கும் ஒளிப்பதிவுக்கான தேசிய விருது பெற்றார். அன்றைய வர்ணப் பிலிமின் வேகம், அதாவது வெளிச்சத்தைப் பிடிக்கும் திறன், 100 ஏ.எஸ்.ஏ. அளவுதான். அதில் வீட்டுக்குள் இரவுக் காட்சியை லைட் இல்லாமல் எடுக்கவே முடியாது. அவர் படங்களில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பது பார்க்கிறவருக்குத் தெரியும்: யன்னல், திறந்த கதவு, முற்றம். நீங்கள் பழக வேண்டியது அதைத்தான். அவருடைய 'வீடு' படத்தைச் சத்தத்தை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள். ஒவ்வொரு ஷொட்டிலும் முகத்தின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று கடதாசியில் குறியுங்கள். பத்து வீடியோ பார்ப்பதைவிட இது பயன்.

இனி உங்கள் அறை. நேர் வெயில் விழாத யன்னலைத் தேர்ந்தெடுங்கள். "வடக்கு யன்னலில் வெயில் படாது" என்று வெளிநாட்டுப் புத்தகங்களில் இருப்பது எங்களுக்குச் சரிவராது. மட்டக்களப்பில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை உச்சிச் சூரியன் வடக்குப் பக்கம்தான் நிற்கும். ஆகவே காலை 8, 10, பின்னேரம் 3, 5 என்று நாலு நேரம் போய்ப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நடிப்பவரை யன்னலிலிருந்து 3, 4 அடி தள்ளி, வெளிச்சம் கன்னத்தில் விழும்படி பக்கவாட்டில் நிறுத்துங்கள். 6 அடிக்குப் போனாலே வெளிச்சம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறையும். பின்சுவர் 6 அடிக்கு மேல் தள்ளி இருந்தால் முகம் தனியாக எடுபடும். நிழல் பக்கத்தில், ஃபிரேமுக்கு வெளியே, 2 அடிக்கு 4 அடி வெள்ளை ரெஜிபோம் (தெர்மோகோல்) பலகை ஒன்றை முகத்துக்கு 3 அடியில் நிறுத்தினால் கண்குழி இருட்டு மெல்லக் கரையும். அதை இன்னும் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். இரண்டு கன்னமும் ஒரே வெளிச்சமாகி முகம் தட்டையாகிவிடும்.

அதிகம் பேர் கவனிக்காதது சுவரின் நிறம். இளம்பச்சை பூசின அறையில் நிழல் பக்கக் கன்னம் பச்சை பிடிக்கும். வாசலில் நீலத் தறப்பாள் கட்டியிருந்தால் முகம் முழுக்க நீலம். ஃபிரேமுக்குள் வராத சுவரில் வெள்ளை பெட்ஷீட்டைக் கட்டுங்கள், தறப்பாளைக் கழற்றுங்கள். பிறகு திருத்தலாம் என்று விட்டால் பச்சையைக் குறைக்கும்போது தோலின் நிறமும் சேர்ந்து சாகும்.

போனை ஓட்டோவில் விடவே வேண்டாம். வெள்ளை யன்னல் ஃபிரேமுக்குள் வந்தவுடன் போன் வெளிச்சத்தைக் குறைத்து முகத்தைக் கறுப்பாக்கும். ஆள் திரும்பினால் மறுபடி கூட்டும். பிளக்மேஜிக் கமரா மாதிரி இலவச ஆப் ஒன்றில் நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி, வைற் பலன்ஸ் (நிறச் சமநிலை) 5500 என்று பூட்டிவிடுங்கள். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். 1/60 வைத்தால் டியூப் லைட்டும் மலிவு எல்.ஈ.டி. பல்பும் திரையில் பட்டை பட்டையாக ஓடும். போனின் ஒளி உணர்திறனான ஐ.எஸ்.ஓ. 400க்குள் நிற்கட்டும். 800 தாண்டினால் பல போன்களில் நிழல் பகுதி பொரிபொரியாகத் தெரியும். வெட்டவெளியில் 1/50இல் படம் அளவுக்கு மிஞ்சி வெளுக்கும், அதற்கு லென்ஸின் முன் வைத்து வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் வேண்டும்.

நடிப்பவர் கூத்துக்காரராக இருந்தால் பெரிய கொடுப்பினை, உடம்பு சொன்ன சொல் கேட்கும். ஆனால் வட்டக்களரியில் (கூத்தாடும் வட்ட மேடையில்) நாலு பக்கச் சனத்துக்கும் ஆடிப் பழகினவர் இயல்பாகவே நகர்ந்து கொண்டிருப்பார். இரண்டு எட்டு வைத்தால் யன்னல் வெளிச்சத்தை விட்டுப் போய்விடுவார். நிற்கும் இடத்தில் தரையில் ரேப் ஒட்டி, அதை விட்டு நகராமல் நிற்கச் சொல்லுங்கள். குரலையும் பக்கத்தில் இருப்பவருக்குப் பேசும் அளவுக்கு இறக்க வேண்டும். ஃபேனை நிறுத்தினால்தான் ஒலி சரியாக வரும். நிறுத்தினால் நெற்றி வேர்த்து மினுங்கும். ஒவ்வொரு ரேக்குக்கும் முன் ரிஷுவால் ஒற்றி எடுங்கள், துடைக்க வேண்டாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெளியே வசனம் வைக்காமலிருப்பது நல்லது.

முற்றத்து மணலும் ஒரு ரிஃப்ளெக்டர்தான். காய்ந்த வெண்மணல் திண்ணையில் இருப்பவரின் தாடைக்குக் கீழே வெளிச்சத்தைத் தூக்கிக் கொடுக்கும். ஒரு தூறல் விழுந்து மணல் நனைந்தால் அது கறுத்து, அந்த வெளிச்சம் போய்விடும். காட்சி நடுவில் இப்படி ஆனால் முன்னெடுத்த ஷொட்டோடு ஒட்டாது. மழைக்குணம் தெரிந்தால் அகல ஷொட்டை முதலில் முடியுங்கள். குளோசப்பைப் பிறகு மணலுக்குப் பதில் ஒரு வெள்ளை பெட்ஷீட்டை விரித்து எடுத்துவிடலாம்.

இரவுக் காட்சி வேண்டுமென்றால் பொழுது பட்டவுடன் எடுங்கள். யன்னலுக்கு வெளியே நீலம் நிற்க, உள்ளே ஒரு மஞ்சள் பல்ப் போதும். எங்கள் பக்கம் அந்த நீலம் 20 நிமிடம் அளவில் கறுத்துவிடும். ஒத்திகையைப் பகலிலேயே முடித்துவிட்டு, அந்த நேரத்தில் இரண்டு ஷொட்டுக்கு மேல் வைக்காதீர்கள்.