பழைய சவ வண்டியை வாங்கிச் சரிசெய்யலாமா? – வாசகர் கேள்வி பதில்

பக்கத்து ஊர்க் கோயில் கொட்டகையில் மரச் சவ வண்டி ஒன்று பல வருடமாகச் சும்மா கிடக்கிறது. நான்கு சக்கரம், இருபுறமும் கண்ணாடி, மேலே சிலுவை, கையால் தள்ளிப்போகும் வண்டி. எங்கள் பங்கின் அடக்கங்களுக்கு வாங்க நினைக்கிறோம். எதைப் பார்த்து வாங்குவது?
– நல்லடக்கக் குழுச் செயலாளர், தூத்துக்குடி மாவட்டம்

மேலே இருக்கும் செதுக்கு வேலையில் மயங்கிவிடாதீர்கள். சிலுவை, தூண், பூவேலை எல்லாவற்றையும் நல்ல ஆசாரி ஒருவர் திரும்பச் செய்துவிடுவார். செலவைத் தீர்மானிப்பது அடிப்பாகம்தான். ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு ஜாக்கி எடுத்துக்கொண்டு போய் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்.

முன் அச்சுக்கு மேலே குறுக்கே ஓடும் கட்டையில் போல்ட் துளைகளைச் சுற்றி ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள். மழைநீர் துளை வழியே இறங்கி அங்கேதான் தங்கும். முனை கால் அங்குலத்துக்கு மேல் சிரமமில்லாமல் இறங்கினால் அந்தக் கட்டையையே மாற்ற வேண்டும். பட்டி வைத்து அடைத்தால் ஆறு மாதம் தாங்காது. மரத்தில் பொடித் துளைகள் இருந்தால் அடியில் செய்தித்தாள் விரித்து ஒரு வாரம் விடச் சொல்லுங்கள். புதிதாக மாவு கொட்டியிருந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது. பழைய பெயின்டை எடுத்த பிறகு, 200 கிராம் போரிக் அமிலம், 300 கிராம் போராக்ஸ் இரண்டையும் ஒன்பதரை லிட்டர் வெந்நீரில் கரைத்து, வெறும் மரத்தில் இரண்டு மூன்று முறை ஊறப் பூசுங்கள். மழையில் கரைந்து போகும் மருந்து இது. அதனால் நன்றாகக் காய்ந்ததும் பெயின்ட் ஏறிவிட வேண்டும்.

அடுத்து சக்கரம். ஒவ்வொன்றாக ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். சக்கரத்தின் நடுவில் இருக்கும் குடம் அச்சின் மேல் ஆடினால் பயப்பட வேண்டாம், லேத்தில் புது புஷ் (அச்சுக்கும் குடத்துக்கும் நடுவே இருக்கும் உலோகக் குழல்) போட்டால் சரியாகிவிடும். குடத்திலிருந்து விளிம்புக்குப் போகும் ஆரக்கால் குடத்துக்குள் ஆடினால் விஷயம் வேறு. சக்கரத்தையே பிரித்துக் கட்ட வேண்டும். அந்த வேலை தெரிந்த ஆசாரி கிடைப்பாரா என்று விசாரித்துவிட்டு விலை பேசுங்கள்.

வண்டியைத் திருப்ப முன்னால் பிடிக்கும் இழுவைக் கட்டையை இடம் வலமாக அசையுங்கள். மூன்று விரல் அளவுக்குக் கட்டை நகர்ந்த பிறகுதான் சக்கரம் திரும்புகிறது என்றால் முன் அச்சு திரும்ப மையமாக இருக்கும் நடு ஆணி தேய்ந்திருக்கிறது, அதன் துளையும் முட்டை வடிவத்தில் நீண்டிருக்கும். இதை அலட்சியப்படுத்தாதீர்கள். பத்துப் பேர் ஆளுக்கொரு பக்கம் தள்ளும்போது முன்சக்கரம் துடிக்கும். சரிவில் வண்டி தன் இஷ்டத்துக்குத் திரும்பும். துளையைப் பெரிதாக்கிப் புஷ் இறக்கி, புது ஆணி கடைந்து போட வேண்டும். பழைய ஆணியில் வெல்டிங் வைத்துத் தேய்ப்பது வேண்டாம்.

ஸ்பிரிங் பட்டையில் குறுக்கே துருக் கோடு தெரிந்தால் அது விரிசல். வெல்டிங் வைத்தால் சூட்டில் இரும்பின் முறுக்கு போய்விடும். வெல்டிங் வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி உடையும். லாரி ஸ்பிரிங் பட்டறையில் அதே தடிமனில் புதுப் பட்டை வாங்கி, இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பெட்டி சாய்ந்து நிற்கும்.

கடைசியாக ஒன்று. அது கோயில் சொத்து. யாராவது ஒருவரின் வாய்வார்த்தையை நம்பி எடுத்து வராமல், விற்க அதிகாரம் உள்ளவர்களிடம் எழுத்தில் வாங்குங்கள்.

எங்கள் சவ வண்டிச் சக்கரத்தைச் சுற்றியிருக்கும் இரும்புப் பட்டா கழன்று ஆடுகிறது. தண்ணீரில் ஊறப் போட்டால் இறுகும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், நாகர்கோவில்

இறுகும், இரண்டு நாளைக்கு. ஊறிய மரம் இரும்புக்குள் உப்ப இடமில்லாமல் நசுங்குகிறது. காய்ந்ததும் முன்பைவிடச் சுருங்கும். ஒவ்வொரு முறை ஊறப் போடும்போதும் பட்டா இன்னும் தளர்ந்துகொண்டே போகும்.

பட்டாவைக் கழற்றி, வெட்டி, சுற்றளவைக் குறைத்து, காய்ச்சி மாட்டுவதுதான் வழி. மூன்றடிச் சக்கரம் என்றால் மரத்தின் வெளிச்சுற்று சுமார் 287 செ.மீ. வட்டைத் துண்டுகளின் (சக்கரத்தின் மர விளிம்பாகச் சேரும் துண்டுகள்) மூட்டுகளில் இடைவெளி இல்லையென்றால் பட்டாவின் உள்சுற்று அதைவிட 6 மி.மீ. குறைவாக இருக்கட்டும். இடைவெளி இருந்தால் எல்லா மூட்டிலும் அளந்து கூட்டி, அதையும் சேர்த்துக் குறையுங்கள். மொத்தம் 12 மி.மீ.யைத் தாண்டுவதாக இருந்தால் வெட்டுவதை நிறுத்திவிட்டு, முதலில் வட்டையைச் சரிசெய்யுங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் ஆரக்கால்கள் வளைந்து சக்கரம் கிண்ணம்போல் ஒரு பக்கம் குழிந்துவிடும்.

பட்டாவைத் தரையில் படுக்க வைத்துச் சுற்றிலும் வரட்டி அடுக்கி எரிப்பது இன்றும் சிறந்த முறை. சூடு எல்லா இடத்திலும் சமமாக ஏறும். கேஸ் டார்ச் ஓரிடத்தில் மட்டும் பழுக்க வைக்கும். 450 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறினால் இந்த அளவுப் பட்டா ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் விரியும், அது போதும். உலர்ந்த குச்சியால் தொட்டால் உடனே கருகிப் புகைய வேண்டும். பளிச்சென்று சிவக்க விடாதீர்கள். இடுக்கியோடு மூன்று பேர், வாளித் தண்ணீரோடு இரண்டு பேர் தயாராக நிற்கட்டும். பட்டா உட்கார்ந்த மறுகணமே சுற்றிலும் ஊற்ற வேண்டும். தாமதித்தால் வட்டையின் மேல்தோல் கரியாகும், கரி உதிர்ந்ததும் பட்டா மறுபடி ஆடும்.

சத்தம் குறைய வேண்டும் என்று பழைய டயர்த் துண்டை வட்டையில் ஆணி அடித்துப் பொருத்துகிறார்கள். ஆணி வட்டையைப் பிளக்கும், ரப்பருக்கு அடியில் ஈரம் தங்கும். பட்டாவை மாட்டுவதற்கு முன்பே அதன் மேல் ‘ப’ வடிவச் சட்டம் வைத்து வெல்டிங் செய்து, அதில் கெட்டி ரப்பர் இறக்கலாம்.

பழைய கறுப்பு பெயின்டைச் சுரண்டலாமா? கண்ணாடி எந்த வகை போடுவது?
– வாசகர், புதுச்சேரி

பழைய எனாமலில் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. காய்ந்த நிலையில் மெஷின் போட்டுத் தேய்க்காமல், தண்ணீர் தொட்டு எமரித் தாளால் தேயுங்கள். முகக்கவசம் கட்டாயம். காஸ்டிக் சோடா வேண்டாம். தேக்கைக் கறுக்க வைக்கும், மூட்டுப் பசையையும் கரைக்கும்.

கண்ணாடி 5 மி.மீ. டஃபன்டு, அதாவது சூடேற்றி உறுதியாக்கிய வகை. அதைப் பிறகு வெட்ட முடியாது என்பதால் அட்டையில் அச்சு எடுத்துக் கொடுங்கள். நான்கு புறமும் 2 மி.மீ. இடம் விட்டு, ரப்பர் பீடிங்கில் உட்கார வையுங்கள். மரச்சட்டத்தில் இறுக்கமாகப் பொருத்தினால் முதல் குழியிலேயே நொறுங்கும்.

எங்கள் அறக்கட்டளைக்கு 1972 மாடல் அம்பாசடர் சவ ஊர்தி கிடைக்கிறது. விண்டேஜ் நம்பர் வாங்கிவிட்டால் எஃப்சி (தகுதிச் சான்று) தொல்லை இல்லை என்கிறார் தரகர். செய்யலாமா?
– வாசகர், திருச்சி

வேண்டாம். 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வருடம் தாண்டி, மூல வடிவம் மாறாமல் இருக்கும் சொந்த உபயோக வண்டிக்குத்தான் ‘விஏ’ வரிசை எண் தருகிறார்கள். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அந்த எண்ணோடு கண்காட்சிக்கும் விண்டேஜ் ஊர்வலத்துக்கும் போகலாம். அன்றாட உபயோகத்துக்கோ வணிகத்துக்கோ சாலையில் ஓட்டக் கூடாது. அடக்கத்துக்கு அனுப்பினால் விதி மீறல். விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும்.

சவ ஊர்தி சட்டப்படி போக்குவரத்து வாகனம். ஆகவே எஃப்சி வேண்டும், பழைய வண்டிக்கு வருடா வருடம். ஆனால் சவத்தையும் உடன் வருவோரையும் மட்டுமே ஏற்றும் வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 66(3) பெர்மிட்டிலிருந்து விலக்கு தருகிறது. ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) என்ன வகை என்று எழுதியிருக்கிறது என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன் பாருங்கள். கார் என்று இருந்தால், மாற்றத்துக்கு பிரிவு 52-இன்படி ஆர்.டி.ஓ. அனுமதி வாங்க முடியுமா என்று கேட்டறிந்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.

அம்பாசடர் ஊர்தி நெடுஞ்சாலையில் ஒழுங்காக ஓடுகிறது. இறுதி ஊர்வலத்தில் மட்டும் கொதித்து நின்றுவிடுகிறது. ஏன்?
– ஊர்தி ஓட்டுநர், மதுரை

வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. ஊர்வலத்தில் அது இல்லை, எஞ்சினோடு சுற்றும் ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும். ரேடியேட்டரைக் கழற்றி உள்குழாய்களில் ராடு விட்டுச் சுத்தம் செய்யுங்கள். வெளியே கழுவினால் மட்டும் போதாது. பிறகு தெர்மோ சுவிட்ச் வைத்த மின்சார ஃபேன் ஒன்றைப் பொருத்துங்கள். அதற்கு டைனமோ போதாது. மெதுவாக ஓடும்போது டைனமோ சார்ஜே கொடுக்காது, பாட்டரி இறங்கி வண்டி சுடுகாட்டில் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும். ஆல்டர்னேட்டர் போடுங்கள். வண்டியில் பாசிட்டிவ் எர்த் (பாட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்த அமைப்பு) இருந்தால் முதலில் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிவிட வேண்டும், இல்லையேல் ஆல்டர்னேட்டர் டையோடு உடனே எரிந்துவிடும்.

சூடு இறங்கும்வரை ஸ்டார்ட் ஆகாமல், பிறகு தானாக ஓடினால் பெட்ரோல் குழாயில் ஆவி அடைக்கிறது. குழாயை எக்ஸாஸ்டிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். இன்னொன்று கிளட்ச். முதல் கியரில் ஆக்சிலரேட்டர் தொடாமலே வண்டி மனித நடையைவிடச் சற்று வேகமாகப் போகும். அதை அடக்கக் கிளட்சில் கால் வைத்தே ஓட்டினால் தட்டு கருகிவிடும். ஊர்வலத்தை முன்னே போகவிட்டு, நின்று நின்று நகர்த்துங்கள்.

புதுப்பித்த தள்ளு வண்டியை எப்படிச் சோதிப்பது?
– வாசகர், வேளாங்கண்ணி

பெட்டியும் உடலுமாக 150 கிலோ வரை வரும். அதைப்போல் இரு மடங்கு, அதாவது ஆறு சிமெண்ட் மூட்டை ஏற்றி, கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை உண்மையான வழியிலேயே போய் வாருங்கள். வழியில் உள்ள சரிவில் பின்சக்கர பிரேக்கை மட்டும் போட்டுவிட்டுக் கையை எடுங்கள், வண்டி அசையக் கூடாது. திரும்பி வந்ததும் குடத்தைத் தொட்டுப் பாருங்கள். ஒரு குடம் மட்டும் சுட்டால் அந்த புஷ் இறுக்கம். எல்லா போல்ட்டையும் மறுபடி முடுக்கிவிட்டு, பெட்டி நகராமல் பிடிக்கும் நான்கு தடுப்புக் கட்டைகளையும் காலிப் பெட்டி ஒன்றை வைத்துச் சரிபாருங்கள்.