ரெட் கைட் பார்ப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

1930களில் பிரிட்டன் முழுக்கத் தேடினாலும் ரெட் கைட் என்ற பருந்து நடு வேல்ஸின் சில பள்ளத்தாக்குகளில் மட்டும்தான் இருந்தது, அதுவும் விரல்விட்டு எண்ணுகிற அளவில். இன்று ஆக்ஸ்ஃபோர்டு போகும் எம்40 சாலையில் கார் ஜன்னல் வழியாகவே பத்துப் பதினைந்தைப் பார்த்துவிடலாம். பெயரை மொழிபெயர்த்தால் செம்பருந்து என்று வரும். ஆனால் நமக்குச் செம்பருந்து என்றால் வெள்ளைத் தலையும் செங்கல் நிற உடலும் கொண்ட கருடன், அது வேறு இனம். அதனால் இங்கே ரெட் கைட் என்றே எழுதுகிறேன்.

ஸ்லவ் வாசகர்: எங்கட வீட்டுக்கு மேல ஒரு பெரிய பருந்து வட்டமடிக்குது. அது பஸர்ட் எண்டு பக்கத்து வீட்டுக்காரர் சொல்லுறார். எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

பஸர்டும் இங்கே அடிக்கடி தென்படும் இன்னொரு பெரிய வேட்டைப் பறவைதான், அதனால் குழப்பம் வரும். எல்லோரும் வாலைப் பார்க்கச் சொல்வார்கள். சரிதான், ஆனால் வாலை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். ரெட் கைட்டின் வால் நீளமானது, துருப்பிடித்த இரும்பின் நிறம், நடுவில் நன்றாக வெட்டுப்பட்டிருக்கும். ஆனால் காற்றில் மிதக்கும்போது வாலை விசிறிபோல் முழுக்க விரித்தால் அந்த வெட்டு மறைந்து, ஓரம் நேர்கோடாகத் தெரியும். "வாலில் பிளவு இல்லை, அதனால் பஸர்ட்" என்ற தவறு பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் நடக்கிறது. பத்து நொடி பொறுங்கள், வாலைச் சுருக்கும்.

அந்தப் பத்து நொடியில் இறக்கையைப் பாருங்கள். கீழ்ப்பக்கம், விரல்போல் விரியும் கருப்பு நுனிகளுக்கு உள்ளே, ஒரு பெரிய வெள்ளைத் திட்டு இருக்கும். பஸர்டுக்கும் அங்கே வெளிறிய நிறம் உண்டு, ஆனால் இவ்வளவு பளிச்சென்று இருக்காது. அடுத்தது இறக்கையைப் பிடிக்கும் விதம். வட்டமடிக்கும்போது பஸர்ட் இரண்டு இறக்கையையும் சற்று மேலே தூக்கி, ஆழமில்லாத 'வி' வடிவில் வைத்திருக்கும். ரெட் கைட்டின் இறக்கை மணிக்கட்டில் மடங்கி, நுனி கொஞ்சம் கீழே தொங்கும்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட நம்பகமான அடையாளம் வாலின் அசைவு. உடல் ஆடாமல் நிற்க, வால் மட்டும் படகின் சுக்கான்போல் இடமும் வலமுமாகத் திருகிக்கொண்டே இருக்கும். பஸர்ட் அப்படிச் செய்யாது. எடை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரு கிலோதான். ரெட் கைட்டின் இறக்கை விரிப்பு 1.75 முதல் 1.95 மீட்டர், பஸர்டுக்கு 1.1 முதல் 1.3 மீட்டர். அதே எடையை அவ்வளவு பெரிய இறக்கை தாங்குவதால்தான் ரெட் கைட் காற்றில் காகிதம்போல் மிதக்கிறது.

கண்ணில் படாவிட்டால் காதை நம்புங்கள். பஸர்டின் குரல் பூனை கத்துவதுபோல் இழுத்து வரும். ரெட் கைட்டினுடையது மெல்லிய விசில், ஏறி இறங்கி நடுங்கும்.

ரெடிங் வாசகர்: நம் ஊர் மீன் சந்தையில் சுற்றும் கரும்பருந்து இங்கேயும் வருமா? ஆகஸ்டில் மங்கலான ஒன்றைப் பார்த்தேன்.

கரும்பருந்து பிரிட்டனுக்கு எப்போதாவது வழிதவறி வரும். ஆகஸ்டில் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் ரெட் கைட்டின் இளம் பறவைதான். கூட்டைவிட்டு வந்த புதிதில் அதன் நிறம் மங்கல், வால் வெட்டும் ஆழம் குறைவு. பெரிய பறவைகளும் கோடையில் இறகு உதிர்த்து, வாலும் இறக்கையும் ஓட்டையாகப் பறக்கும். தெளிவான படம் இருந்தால் இறக்கை நுனியில் விரிந்த 'விரல்களை' எண்ணுங்கள். ரெட் கைட்டுக்கு ஐந்து, கரும்பருந்துக்கு ஆறு. இறகு உதிரும் காலத்தில் இந்தக் கணக்கும் தவறலாம், அதனால் இரண்டு இறக்கையிலும் எண்ணுங்கள்.

க்ராய்டன் வாசகர்: பிள்ளைகளோடு ஒரு நாள் போய்ப் பார்க்க எங்கே, எத்தனை மணிக்குப் போகலாம் அண்ணா?

லண்டனிலிருந்து போவதென்றால் சில்டர்ன்ஸ் மலைச்சரிவு, குறிப்பாக வாட்லிங்டன் ஹில். மேற்கிலிருந்து காற்று வீசும் நாளைத் தேர்ந்தெடுங்கள். காற்று சரிவில் மோதி மேலெழும், பறவைகள் அதில் ஏறி விளிம்பை ஒட்டியே மிதக்கும். மேலே நிற்கும் உங்களுக்கு அவை கண் மட்டத்தில், சில நேரம் காலுக்குக் கீழே தெரியும். தரையிலிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்குக் கிடைக்காத முதுகுப்பக்கம் அப்போதுதான் கிடைக்கும். சாம்பல் வெள்ளைத் தலை, இறக்கையின் குறுக்கே வெளிறிய பட்டை, வெயில் பட்டதும் செம்பாய் ஒளிரும் வால்.

அதிகாலையில் எழுந்து ஓட வேண்டாம். நிலம் சூடேறிக் காற்று மேலெழ வேண்டும், பத்து மணிக்கு மேல் போனால் போதும். மழை கொட்டும்போது மரத்தில் குந்தியிருக்கும், மழை விட்டதும் வயலில் நடந்து மண்புழு பொறுக்கும். உழவு நடக்கும் நிலமோ புல் அறுக்கும் வயலோ கண்ணில் பட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள், டிராக்டருக்குப் பின்னாலேயே வரும். குளிர்காலத்தில் பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பு கூட்டம் கூட்டமாக ஒரே தோப்பில் அடையும். டிசம்பரில் அது மூன்று மணிக்கே தொடங்கிவிடும்.

வேல்ஸ் வரை போக முடிந்தால் ராயடருக்குப் பக்கத்தில் உள்ள கிக்ரின் பண்ணை. தினமும் இறைச்சி போடுவார்கள், நூற்றுக்கணக்கில் இறங்கும். குளிர்கால நேரத்தில் பகல் 2 மணி, கோடைகால நேரத்தில் 3 மணி. எந்தெந்த நாட்களில் திறந்திருக்கும் என்பதைக் கிளம்புமுன் பாருங்கள்.

பைனாகுலர் 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்குவது) எடுங்கள். 10x வாங்கினால் கை நடுக்கமும் பெரிதாகும், வேகமாகத் திரும்பும் பறவை பார்வையிலிருந்து நழுவிவிடும்.

லெஸ்டர் வாசகர்: வேல்ஸில் மிஞ்சியவைதான் பெருகி நாடு முழுக்கப் பரவினவா?

இல்லை. குஞ்சு வளர்ந்தபின் பெரும்பாலும் பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே கூடு கட்டும் பழக்கம் இதற்கு. உணவும் மரமும் ஏராளமாக இருக்கும் மாவட்டம் நூறு மைல் தள்ளி இருந்தால் அங்கே போய்க் குடியேறுவது அரிது. அதனால் மனிதர்தான் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. 1989 முதல் 1994 வரை ஸ்பெயினிலிருந்து சுமார் 90 பறவைகள் சில்டர்ன்ஸுக்கு வந்தன. ஸ்காட்லாந்தின் பிளாக் ஐலுக்கு அதே அளவில் ஸ்வீடனிலிருந்து வந்தன. குஞ்சுகளைப் பறக்கும் பருவத்துக்குச் சற்று முன் எடுத்து, மனித முகம் பழகிவிடாதபடி கூண்டில் சில வாரம் வைத்து, கோடையில் திறந்துவிட்டார்கள். சில்டர்ன்ஸில் 1992இல் முதல் குஞ்சுகள் பறந்தன. பிறகு யார்க்ஷரின் ஹேர்வுட் (1999), கேட்ஸ்ஹெட் (2004) என்று ஒவ்வோர் இடமாக விட்டார்கள்.

தொடங்கிய ஆண்டும் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தும், சில்டர்ன்ஸில் பெருகிய வேகம் பிளாக் ஐலில் இல்லை. குஞ்சு பொரிப்பதில் குறை இல்லை, குறை பிழைத்திருப்பதில். காரணம் நஞ்சு வைத்த இறைச்சி. 2014 வசந்தத்தில் அங்கே கானன் பிரிட்ஜ் பக்கத்தில் 16 ரெட் கைட்டும் 6 பஸர்டும் செத்துக் கிடந்தன. பெரும்பாலானவை நஞ்சால் செத்தவை என்று பரிசோதனையில் உறுதியானது. பறவை திரும்பி வந்தாயிற்று என்று யாரும் கையை உதறிவிட முடியாது என்பதற்கு அந்த ஒரு வயல்வெளி போதும்.

தென்மேற்கு ஸ்பெயினில் இப்போது ரெட் கைட் அருகிவிட்டது. 2022 முதல் நார்த்தாம்ப்டன்ஷரில் பொரித்த குஞ்சுகளை அங்கே அனுப்பத் தொடங்கினார்கள்.

ஹை விக்கம் வாசகி: மிச்சமான கோழி இறைச்சியைத் தோட்டத்தில் போடுகிறேன், ஆறேழு வருகின்றன. தவறா?

ஆசை புரிகிறது, ஆனால் நிறுத்திவிடுங்கள். காட்டில் அது எலியை எலும்போடும் மயிரோடும் விழுங்கும், கால்சியம் அந்த எலும்பிலிருந்துதான் வருகிறது. எலும்பில்லாச் சதையை மட்டும் குஞ்சுக்குக் கொண்டுபோய் ஊட்டினால் அதன் கால் எலும்பு கடினப்படாமல் வளையும், எழுந்து நிற்க முடியாது. உப்பும் மசாலாவும் சேர்ந்த இறைச்சி இன்னும் கேடு. தவிர, மனிதர் கையில் உணவு இருக்கும் என்று பழகிய பறவை, அடுத்த தெருப் பிள்ளையின் சாண்ட்விச்சையும் பறிக்க இறங்கும்.

லீட்ஸ் வாசகர்: பூனையைத் தூக்குமா? கோழிக்குஞ்சை?

பூனையைத் தூக்காது. அதன் காலுக்கு அவ்வளவு பிடி இல்லை. செத்த ஆட்டின் தோலைக் கிழிக்கவே காகமும் நரியும் முதலில் வாய் வைக்கட்டும் என்று காத்திருக்கும் பறவை அது. திறந்தவெளியில் மேயும் சிறு கோழிக்குஞ்சை எடுக்கும், மேலே வலை கட்டுங்கள். எலிக்கு விஷம் வைத்தால் செத்த எலிகளைத் தினமும் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். அவற்றைத் தின்னும் கைட்டின் உடலிலும் அந்த மருந்து சேரும். பொறி வைப்பது இன்னும் நல்லது.

மில்டன் கீன்ஸ் வாசகர்: வானத்துக்கு எதிரே படம் எடுத்தால் பறவை கரிக்கட்டையாக வருகிறது.

எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 வையுங்கள், மேகமூட்டமான நாளில் +1.5. ஷட்டர் 1/1600க்குக் குறையாமல், ஃபோகஸ் தொடர் முறையில். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

கார்டிஃப் வாசகி: வீட்டுக்குப் பின்னால் ஓக் மரத்தில் கூடு மாதிரி இருக்கிறது. கிட்டே போகலாமா?

மார்ச் முதல் ஜூலை வரை போகாதீர்கள், ட்ரோனும் விடாதீர்கள். கூடு கட்டும் ரெட் கைட்டைத் தெரிந்தே தொந்தரவு செய்வது 1981 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ஏப்ரலில் பெரும்பாலும் இரண்டு முட்டை இடும், ஒரு மாதம் அடைகாக்கும், குஞ்சு பறக்க மேலும் ஏழு வாரமாவது ஆகும். உங்கள் ஜன்னலிலிருந்து பைனாகுலரில் பாருங்கள். சுள்ளிக் கூட்டின் ஓரத்தில் ஆட்டு மயிர், பிளாஸ்டிக் உறை, துணிக்கந்தல் தொங்கினால் அது ரெட் கைட் கூடுதான். கொடியில் காயப்போட்ட காலுறை காணாமல் போனால் அங்கேதான் இருக்கும்.

அபர்டீன் வாசகர்: நடைபாதையில் செத்த ஒன்றைப் பார்த்தால் என்ன செய்வது?

தொடாதீர்கள். யாராவது நஞ்சு வைத்ததால் செத்ததாக இருக்கலாம், அந்த நஞ்சுகளில் சில தோல் வழியாகவே உடலில் ஏறும். குழந்தையையும் நாயையும் தள்ளி நிறுத்துங்கள். பறவையையும், பக்கத்தில் முயலோ இறைச்சித் துண்டோ கிடந்தால் அதையும், பின்னணியில் மரமோ வேலியோ தெரியும்படி படம் எடுங்கள். போனில் வரைபடப் புள்ளியைக் குறித்துக்கொண்டு 101இல் போலீசை அழைத்து, வனவிலங்குக் குற்றம் என்று சொல்லுங்கள். இறக்கையில் ஆய்வாளர்கள் மாட்டிய வண்ண அட்டை இருந்தால் இடது பக்க நிறம், வலது பக்க நிறம், எழுத்து அல்லது எண் மூன்றையும் எழுதுங்கள். இடது அட்டை பறவை எந்தப் பகுதியுடையது என்பதைக் காட்டும், வலது அட்டை பிறந்த ஆண்டைக் காட்டும். உயிரோடு பறக்கும் பறவையில் அட்டை தெரிந்தாலும் இதே மூன்றையும் குறித்து, தேதியும் இடமும் சேர்த்து பிரிட்டிஷ் பறவையியல் அறக்கட்டளைக்கு (BTO) தெரிவியுங்கள்.