தேர்தல் நேரத்தில் எம்.எல்.ஏ. அரசுச் செலவில் கடிதம் அனுப்பலாமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் இருக்கிறேன். தேர்தல் தேதி அறிவித்த பிறகு, எங்கள் எம்.எல்.ஏ. தன் சாதனைகளை அச்சடித்து அரசுச் செலவில் வீடு வீடாக அனுப்பலாமா?

கூடாது. தேர்தல் அறிவித்த நிமிஷத்திலிருந்தே நடத்தை விதிகள் அமலுக்கு வந்துவிடும். பொதுப்பணத்தில் விளம்பரம் செய்யக் கூடாது என்று அதிலேயே இருக்கிறது. நம்ம ஊர் பஸ் நிழற்குடைகளில் எம்.எல்.ஏ. பெயரைப் பேப்பர் ஒட்டி மறைக்கிறார்களே, அதே கதைதான்.

ஏற்கெனவே அனுப்பியது தாமதமாக வந்தால்? அங்கேதான் சிக்கல். 2024 மார்ச் 16-ல் மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்தது. அதற்குப் பிறகும் மத்திய அரசின் திட்டங்களை விளம்பரப்படுத்தும் ‘விக்சித் பாரத்’ (வளர்ந்த பாரதம்) செய்தி பலருடைய வாட்ஸ்அப்பில் வந்துகொண்டிருந்தது. முன்பே அனுப்பியது, நெட்வொர்க்கால் தாமதம் என்றது மத்திய அரசு. உடனே நிறுத்தச் சொல்லி 21-ஆம் தேதி தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது.

அமெரிக்காவில் எம்.பி.க்கள் ஸ்டாம்புக்குப் பதில் கையெழுத்தோடு கடிதம் அனுப்பலாம், செலவு அரசுடையது. ஆனால் தேர்தலுக்கு முந்தைய 60 நாட்களில், ஒரே மாதிரியான கடிதத்தை 500 பேருக்கு மேல் அனுப்பத் தடை. நாள் கணக்கு தெளிவாக இருப்பதால் எனக்கு அந்த முறை பிடிக்கும்.

சரி, சொந்தக் காசில் நோட்டீஸ் அடித்தால்? தாராளமாக அடிக்கலாம், அச்சகத்தார், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். இல்லையென்றால் 6 மாதம் வரை சிறைகூட உண்டு. உங்களுக்கு வந்த நோட்டீஸின் அடியில் ஒரு தடவை பாருங்கள். சந்தேகம் என்றால் போட்டோ எடுத்து, தேர்தல் ஆணையத்தின் புகார் செயலியான ‘சி-விஜில்’-இல் போடலாம்.